'பெற்றோர்' என்ற சொல்லுக்குள் யார்?

உள்ளடங்கிய கல்வி பற்றிய ஆவணங்களை வாசிக்கும்போதெல்லாம் 'பெற்றோர்' என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிக்கு வர இயலாத, கடுமையான மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு வீடு சார்ந்த கல்வியை ஒரு தெரிவாக வைக்கிறது. குழந்தை கற்கத் துணைநிற்குமாறு பெற்றோருக்கும் பராமரிப்பாளருக்கும் வழிகாட்ட வேண்டும் என்கிறது. கண்ணியமான வாக்கியம்தான். வீட்டில் அந்த வேலையைச் செய்யப்போவது யார் என்று மட்டும் அது கேட்பதில்லை.

வீட்டில் மட்டுமா? பவானியில் ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் அவரைப் பார்த்தேன். மகனுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். "நான் எந்திரிச்சா அவனும் கூடவே வந்துருவானுங்க. அதான் டீச்சர் உக்காந்துக்கச் சொல்லீட்டாங்க" என்றார். வீட்டில் ஜமக்காளத் தறி. நெய்த அளவுக்குத்தான் கூலி. பையன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் பெயர் எதிலும் இல்லை.

ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறார். எப்போதாவது வந்துபோகும் சிறப்பாசிரியருக்குத் தொகுப்பூதியம், சுற்றிவரப் பல பள்ளிகள். மூவரும் பெண்கள்.

வழி தெரியாமலும் இல்லை. 2007-08இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, கீழ்மட்டக் கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டியது. அட்டைகளோடு ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறலாம் என்றானது. ஒரே பாடத்தைப் பல வழிகளில் தரவேண்டும் என்று ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் படஅட்டை வரிசை ஒன்று சுவரில் இருந்தால் அந்தப் பையனின் பதற்றம் குறையலாம். பெரிய செலவில்லை. ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்வரை அதன் தேவையே வகுப்பறைக்குத் தெரிவதில்லை. அவருடைய உழைப்பு பள்ளியின் குறையை மூடி வைத்திருக்கிறது.

தனித்தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்துதரும் கடமை கல்வி நிறுவனத்துடையது என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இங்கே அந்தக் கடமையின் விலை, நெய்யாமல் போன ஜமக்காளம். மாற்றுத்திறன் கொண்ட பெண் குழந்தைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு, வேண்டியதுதான். தறியை விட்டு வரும் தாயின் கூலியை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அவர்தான் கேட்டார்: "அடுத்த வருசம் மூணாப்பு. அப்பவும் நான் வரோணுங்களா?"