முதலில் கடல், பிறகு கஞ்சி

வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு விடியக்காலமை கடல் பார்க்காதவர்களைக் கண்டால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும் போல இருக்கும் எனக்கு. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் சில நிமிடத்தில் மரைன் டிரைவ். ஐந்தே முக்காலுக்கு அங்கே போய் நில்லுங்கள். உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். மிச்சத் தூக்கம் அந்த இடத்திலேயே கழன்றுவிடும்.

பள்ளிக்கூட மணி ஏழரைக்கு அடிக்கிற ஊர் இது. அதற்கு வெகுமுன்னமே பிள்ளைகளின் வான் வாசலில் ஹோன் அடிக்கும். சொதி, சம்பல், சாப்பாட்டுப் பெட்டி, காணாமற்போன சப்பாத்து என்று கண் விழித்ததும் கடமைகள் வரிசையில் நிற்கும். வேளைக்கு எழும்பினால் எல்லாம் சரிவரும் என்பார்கள். கடமைக்காக மட்டும் எத்தனை நாளைக்கு ஒரு மனுசி வேளைக்கு எழும்புவாள்? ஆசைப்பட்டு எழும்ப ஒன்று வேண்டும். அதைக் காலமையின் முதல் வேலையாக வைத்தேன். கடமைகளில் பாதியை முதல்நாள் இரவுக்கு அனுப்பினேன். வீடே மாறிவிட்டது!

எங்கள் கரை மேற்குப் பார்த்தது. சூரியன் நம் முதுகுப் பக்கம், காலி வீதிக் கட்டடங்களுக்குப் பின்னால் எழும்பும். வெளிச்சம் நன்றாகப் பரவிய பிறகும் கரையில் வெயில் சுடாது. காலமை நடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தண்டவாளமும் எனக்குப் பெரிய சந்தோசம். கடலோரமாகவே போட்டு 1894இல் காலி வரைக்கும் கொண்டுபோன பாதை அது. வீதிக்கும் கடலுக்கும் நடுவே அது கிடப்பதால்தான் உயர்ந்த மாடிகள் வந்து கடலை மறைக்கவில்லை. கோட்டைக்குப் போகிற ரயில் வாசலில் ஆட்கள் தொங்கத் தொங்கக் கடந்து போகும். (தண்டவாளத்தில் நடக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.) திரும்பி வரும்போது யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் பைகளோடு ஒழுங்கை தேடிக்கொண்டிருப்பார்கள்.

காலமை வெளிச்சம் கண்ணில் படுவதே ஒரு மருந்து. உடம்புக்குள் ஓடும் நாட்கடிகாரத்தைச் சரிப்படுத்துவது அந்த வெளிச்சம்தான். அந்தக் கடிகாரம் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே ஜெப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. லண்டனில் இருக்கிற சித்தியின் மகளுக்கு மார்கழியில் எட்டு மணிக்குத்தான் விடியும், ஆனியில் ஐந்துக்கு முன்னமே விடிந்துவிடும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிற நமக்கோ வருசம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிகிறது. இப்படி ஒரு வரத்தை வைத்துக்கொண்டு திரைச்சீலையை மூடிப் படுக்கலாமா?

இனி கஞ்சி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரம் எனக்கு! இரவு படுக்கப்போக முன், வாய் அகன்ற பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றி, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கழுவிய சிவப்புப் பச்சையரிசி அரைக் கப் போட்டு, கொதிக்கக் கொதிக்க நீர் நிறைத்து மூடுங்கள். குறுணலாக உடைத்த அரிசி என்றால் இன்னும் நல்லது. நாம் உறங்க உறங்க அரிசி தானாக வெந்து மலர்ந்திருக்கும். காலமையில் வல்லாரையோ முசுட்டையோ முல்லையோ ஒரு பிடி அரைத்துச் சாறு வடிக்கவேண்டும். வெந்த அரிசியை உள்ளி, மிளகு, சீரகம் போட்டுக் கொதிக்கவிட்டு, கட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து, கடைசியில் இலைச்சாறு. ஒரு கிண்டு, உடனே இறக்கு. கொதிக்கவிட்டால் அந்த இளம்பச்சை மங்கிப்போகும். புளியும் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் தேசிக்காயைக் கோப்பையில்தான் பிழியவேண்டும். அந்தத் தேசிப்புளி இலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஆகவே தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் பிந்தட்டும். சிங்களவர் தங்கள் இலைக்கஞ்சியான கொலகெந்தவைக் கித்துள் கருப்பட்டி கடித்துக் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் பனங்கட்டி. கீரை என்றால் முகம் சுளிக்கிற மகன், "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கோப்பையை நீட்டுகிறான். வான் வரும்போது வாசலில் நாங்கள்தான் காத்து நிற்கிறோம்.

கடல் கிட்ட இல்லையே என்று யோசிக்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கிற அக்காவுக்குப் பொன்னம்பலவாணேசர் கோயில்தான் கடல். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில் அது. விடியப்புறத்தில் அந்தக் கல் பாதத்துக்குக் குளிரும். அவ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவா. "நீ சொல்ற பிளாஸ்க் கஞ்சியை எனக்கும் காட்டித் தா" என்று பிடியாய் நிற்கிறா. இந்தச் சனி இரவு அங்கே தங்கப்போகிறேன். அரிசியும் பிளாஸ்க்கும் நான் கொண்டுபோவேன். தவசிமுருங்கை இலை அவவின் பொறுப்பு.