சுமையும் மன்னிப்பும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்துச் சில எண்ணங்கள்

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களுள் வீரமாமுனிவரின் தேம்பாவணியோடு ஒருங்கே எண்ணத்தக்கது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், 1858-இல் கிறித்தவம் தழுவினார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவி அவர் ஐந்து பருவங்களாகப் பாடிய இக்காப்பியம் 1894-இல் நூலுருப் பெற்றது. கம்பனைப் பயின்ற நாவும் ஆழ்வார்களின் பக்தியில் தோய்ந்த உள்ளமும் அதில் புலப்படும்.

காப்பியத்தின் உயிர்நிலை சுமை என்னும் உருவகமே. அழிவுக்குரிய ஊரைத் துறந்து வீடுபேறு நாடிச் செல்லும் பயணியைப் பாவச்சுமை அழுத்துகிறது. தன் முயற்சியால் அதனை இறக்க அவனால் இயலவில்லை. சிலுவையின் முன்னரே அது கழன்று வீழ்கிறது. இறைவன் நீதியாளன், ஆதலின் பாவத்திற்குத் தண்டனை உண்டு. அவன் அன்பாளன், ஆதலின் பாவி அழியலாகாது. இவ்விரண்டும் பொருந்தும் பொருட்டுக் குற்றமற்றவர் ஒருவர் தண்டனையை ஏற்கிறார். பனியன் வழிவந்த சீர்திருத்தக் கிறித்தவத்தின் மீட்புக் கொள்கை இதுவே.

இஸ்லாமிய வாசகர் இவ்விடத்தில் தயங்குவர். ஈஸா (அலை) சிலுவையில் அறையப்படவில்லை என்பது திருமறையின் கூற்று (4:157). அதனோடு, ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமவாது என்றும் திருமறை அறிவிக்கிறது (6:164, 35:18). தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப்பாதையில் ஒருவர் தலைச்சுமையை மற்றவர் வாங்கிக்கொண்டால் அது அன்பு. செய்த குற்றமும் அவ்வாறு கைமாறத் தக்கதா? தவ்பா செய்து மீள்பவனை ஈடின்றி மன்னிப்பது அல்லாஹ்வின் நீதிக்கு இழுக்காகாது என்பதே நம் நிலைப்பாடு.

ஆயினும் மறுதரப்பின் விடையையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மூன்றாம் மனிதர் ஒருவர்மேல் தண்டனை சுமத்தப்படவில்லை. நீதிபதியே இறங்கிவந்து இழப்பை ஏற்கிறான் என்பர் கிறித்தவ அறிஞர். அவ்விடை ஏசுவின் இறைமையை ஏற்றாலன்றி நிற்காது. தவ்ஹீதில் ஊன்றிய நமக்கும் அவர்க்கும் வழி பிரியும் இடம் அதுவே. அன்பின் அளவைப் பற்றிய பிணக்கன்று இது.

இனி, காப்பியத்தின் தலைசிறந்த பகுதியைக் காண்போம். உருவகப் பாத்திரங்கள் பல இடங்களில் பண்புப் பெயர்களாகவே நின்றுவிட, குமார பருவத்தில் பாடுகளைப் பாடும்போதுதான் கவிஞரின் குரல் உருகுகிறது. தம்மை வதைப்போர் அறியாமையால் செய்கின்றனர், அவரை மன்னிக்க வேண்டும் என்று வதைபடுபவர் அங்கே வேண்டுகிறார். அவ்வேண்டுதலில் ஈடு பற்றிய பேச்சே இல்லை. கோட்பாடு விலை கேட்குமிடத்தில் கவிதை விலையின்றி மன்னிப்பை இரக்கிறது.

இக்காட்சி நமக்கு அயலன்று. தம் மக்களால் அடியுண்டு குருதியைத் துடைத்தவாறே, அறியாத அவர்களை மன்னிக்குமாறு இறைஞ்சிய நபி ஒருவரைப் பெருமானார் (ஸல்) நினைவுகூர்ந்ததை ஸஹீஹ் புகாரி பதிவுசெய்துள்ளது. கொள்கையில் உடன்படாத வாசகரும் இக்காப்பியத்தில் கண் கலங்கும் இடம் இதுவே. அக்கண்ணீருக்காக அவர் தம் கொள்கையைக் கைவிட வேண்டியதில்லை.