வலியோடு ஆடும் வழக்கம்: வான் பாஸ்டனின் கணுக்கால் சொல்லும் கணக்கு

1995 ஆகஸ்ட் மாத இரவு. மிலான் நகரின் சான் சீரோ அரங்கில் ஏ.சி. மிலான் அணிக்கும் யுவென்டஸ் அணிக்கும் ஆட்டம் தொடங்க இருந்தது. அதற்கு முன் ஒருவர் சீருடை இல்லாமல், ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாக மைதானத்துக்குள் வந்தார். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டியபடி மெல்ல ஓடி அரங்கை ஒரு சுற்று வந்தார். பார்வையாளர்கள் எழுந்து நின்றார்கள். கண்டிப்புக்குப் பேர்போன பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ கண்களைத் துடைத்துக்கொண்டார். ஓடியவர் மார்கோ வான் பாஸ்டன். அப்போது அவருக்கு வயது 30. கடைசியாக ஆடி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. முதுமை அவரை அனுப்பவில்லை, கணுக்கால்தான் அனுப்பியது.

அயாக்ஸ், ஏ.சி. மிலான் என்ற இரண்டே கிளப்புகளுக்காக 280 லீக் ஆட்டங்களில் 218 கோல்கள் அடித்தவர் அவர். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1988, 1989, 1992 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை பெற்றவர். இப்படிப்பட்டவரின் வாழ்க்கையை ரசிகர்கள் பெரும்பாலும் விதியின் கொடுமையாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாழ்க்கையில் நடந்ததற்குப் பின்னால் மனிதர்கள் எடுத்த முடிவுகளும், கால்பந்து உலகம் பெருமையாகக் கொண்டாடும் ஒரு வழக்கமும் இருக்கின்றன. காயத்தோடு, வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதே அந்த வழக்கம். அதன் நன்மையையும் தீமையையும் நேர்மையாக எடைபோட அவருடைய கணுக்காலைவிடப் பொருத்தமான சான்று இல்லை.

1986 டிசம்பரில் தொடங்குகிறது கதை. அதற்கு முந்தைய பருவத்தில் 26 லீக் ஆட்டங்களில் 37 கோல்கள் அடித்து, ஐரோப்பாவில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை அவர் வென்றிருந்தார். க்ரோனிங்கன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டது. முரட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் அவர் காலை உடைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அன்று பந்தைப் பறிக்கக் காலை நீட்டிப் பாய்ந்தவர் அவரேதான். காயம்பட்டது குருத்தெலும்பு. எலும்பு முறிந்தால் கூடிவிடும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லாததால், ஒருமுறை சிதைந்தால் தானாக வளர்ந்து பழைய நிலைக்கு வராது. அதற்குத் தேவையானது பொறுமை. ஆனால் கால்பந்துப் பருவத்தின் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை.

அப்போது அயாக்ஸின் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப். 1982இல் வான் பாஸ்டன் முதன்முதலாகக் களமிறங்கியது, அன்று ஆட்டக்காரராக இருந்த அவருக்கு மாற்றாகத்தான். ஆசானும் சீடனும் செய்துகொண்ட உடன்பாட்டைப் பின்னாளில் வான் பாஸ்டனே விவரித்திருக்கிறார். உள்நாட்டு ஆட்டங்கள் சிலவற்றையும் பயிற்சியையும் தவிர்த்துக்கொள்ளலாம், ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் மட்டும் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடுவதால் காயம் மோசமாகாது என்ற மருத்துவ உறுதியும் தரப்பட்டது. 1987 மே 13 அன்று ஏதென்ஸ் ஒலிம்பிக் அரங்கில், கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அணித் தலைவராக வான் பாஸ்டன் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். லோக்கோமோட்டிவ் லைப்சிக் அணியை 1-0 என்று வென்றது அயாக்ஸ்.

இந்த வழக்கத்துக்கு ஆதரவான வாதத்தின் முழு வலிமையும் அந்த ஒரு கோலில் அடங்கியிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆட்டக்காரரின் ஆயுள் குறைவு; இறுதி ஆட்டம் யாருக்காகவும் ஒத்திவைக்கப்படாது. வலி வேறு, காயம் வேறு என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் உண்மைதான். சின்ன வலிக்கெல்லாம் ஒதுங்கினால் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர்கூட முழுப் பருவம் ஆட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கே ஆட ஆசை இருந்தது. அந்த ஆசையை மதிக்காமல் வெளியே உட்கார வைப்பதும் ஒருவகைக் கொடுமையே. ஏதென்ஸில் அவர் ஆடாதிருந்தால் அயாக்ஸின் கோப்பை அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்திருக்கலாம்.

ஆனால் இந்த வாதம் ஏதென்ஸோடு நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு நடந்ததை அது கணக்கில் எடுப்பதே இல்லை. 1987 கோடையில் மிலானுக்குப் போன வான் பாஸ்டன் முதல் பருவத்தில் 11 லீக் ஆட்டங்களே ஆடினார். கணுக்காலில் அறுவை சிகிச்சை, பிறகு பல மாத ஓய்வு. அவர் இல்லாமலே மிலான் பட்டத்தை நெருங்கியது. மெதுவாகத் திரும்பியவர், 1988 மே 1 அன்று மரடோனாவின் நாப்போலியை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்து ஒரு கோல் அடித்தார். ஜூனில் மேற்கு ஜெர்மனியில் நடந்த, நாட்டு அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பைக்கு நெதர்லாந்து அணியில் 12ஆம் எண் சட்டையோடு போனார். முதல் ஆட்டத்தில் தொடக்க அணியில்கூட அவர் இல்லை. அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல்கள். அரையிறுதியில் ஹாம்பர்க்கில் 88ஆவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியை வீழ்த்திய கோல்.

பிறகு மியூனிக் இறுதி ஆட்டம். எதிரணி சோவியத் ஒன்றியம். 54ஆவது நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து அர்னால்ட் மூரன் பந்தை உயரத் தூக்கி அனுப்புகிறார். பந்து எல்லோரையும் தாண்டிப் பெனால்டிப் பகுதியின் வலது மூலைக்குப் போகிறது. அங்கிருந்து பார்த்தால் கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு கீற்றுதான் தெரியும். பந்தைக் கட்டுப்படுத்தி, தோழர்கள் வரும்வரை காத்திருப்பதுதான் யாரும் செய்யக்கூடியது. வான் பாஸ்டன் அதைத் தரையில் விழவே விடவில்லை. உடலைச் சற்றே சாய்த்து, விழும் பந்தை வலது காலால் அப்படியே அடித்தார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான தசாயெவின் தலைக்கு மேலாக வளைந்து எதிர்மூலையில் இறங்கியது பந்து. நெதர்லாந்து வென்ற முதல் பெரிய கோப்பை அது.

என் வாதத்தின் மையம் இதுதான். உலகம் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்தக் கோல், வலியை மென்று விழுங்கி ஆடிய காலத்தின் கனியல்ல. பல மாதம் ஓய்வு கொடுக்கப்பட்ட உடலிலிருந்து பிறந்தது அது. ஏதென்ஸ் கோல் இந்த வழக்கத்துக்குச் சாட்சி என்றால், மியூனிக் கோல் அதற்கு எதிர்சாட்சி. ஓய்வு அவரை மழுங்கடிக்கவில்லை, கூர்மையாக்கியது.

1992 இறுதியில் அதே கதை திரும்ப வந்தது, இம்முறை தீர்வே இல்லாமல். நவம்பர் 25 அன்று கோத்தன்பர்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கள். டிசம்பரில் மீண்டும் கணுக்கால் அறுவை சிகிச்சை. வசந்தத்தில் திரும்பினார். 1993 மே 26 அன்று, அதே மியூனிக் ஒலிம்பிக் அரங்கில், மார்செய் அணியுடனான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். மிலான் 0-1 என்று தோற்றது. முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் வான் பாஸ்டன் வெளியே அழைக்கப்பட்டார். அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. அப்போது அவருக்கு 28 வயதுதான். அறுவை சிகிச்சைகள் குணமாக்கியதைவிடக் கெடுத்ததே அதிகம் என்று அவரே பின்னாளில் வருந்தியிருக்கிறார். இரவில் எழுந்து கழிவறைக்குப் போக, கால் ஊன்ற முடியாமல், வலியை மறக்க எண்களை எண்ணிக்கொண்டே தவழ்ந்து போனதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கடைசியில் கணுக்கால் எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து மூட்டு அசையாதபடி செய்த பிறகுதான் வலி நின்றது. மியூனிக்கில் பந்தை அடித்த அதே வலது கால் அது.

இந்த வழக்கத்தின் அடிப்படைக் கோளாறு வலியில் இல்லை, முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறது. "ஆடலாம்" என்று சொல்பவர் யார்? கோப்பை வேண்டும் பயிற்சியாளர், நுழைவுச்சீட்டு விற்கும் கிளப், அந்தக் கிளப்பிடம் சம்பளம் வாங்கும் மருத்துவர். அவர்களெல்லாம் கெட்டவர்கள் அல்லர். க்ரைஃபுக்கு அவர்மீது இருந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆதாயம் அவர்களுக்கு அடுத்த வாரமே கைக்கு வந்துவிடுகிறது. நஷ்டமோ ஆறேழு ஆண்டு கழித்து, தனியாக, ஓர் ஆளின் குளியலறைக் கதவருகே வந்து நிற்கிறது. 1987இல் ஓய்வெடுத்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்ல முடியாது. அது தெரியாதபோது அந்த ஐயத்தின் பலன் காலுக்குப் போயிருக்க வேண்டும். போனதோ கோப்பைக்கு.

  

வேறு வழி இருந்ததா? இருந்தது. ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 18 வயதுப் பையன் டென்னிஸ் பெர்க்காம்ப், 1994 உலகக் கோப்பைக்குப் பின் இனி விமானம் ஏற மாட்டேன் என்று முடிவெடுத்தார். வான் பாஸ்டன் விடைபெற்ற அதே 1995 கோடையில் அவரைச் சேர்த்துக்கொண்ட ஆர்சனல் அதை ஏற்றுக்கொண்டது. தொலைதூர ஐரோப்பிய ஆட்டங்கள் பலவற்றில் அவர் இல்லாமல் கிளப் தவித்தது உண்மை. பதிலுக்கு 11 பருவங்கள் அவரைப் பெற்றது. 37 வயதில் அவர் ஓய்வு பெற்றார். விமானம் மீதான அச்சம் வேறு, காயம் வேறுதான். ஆனால் ஆட்டக்காரர் தனக்கு ஓர் எல்லைக்கோடு கிழித்து, கிளப் அதற்குக் கட்டுப்பட்டால் வானம் இடிந்து விழாது என்பதற்கு அவர் சான்று.

வழக்கத்தை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை நான். சிறு வலியோடு ஆடும் மனத்திடம் ஆட்டத்தின் அழகுகளில் ஒன்று. ஆனால் மூட்டுக்குள் சேதம் என்று தெரிந்த நாளிலிருந்து முடிவு கிளப்பின் கையை விட்டுப் போக வேண்டும். அதன் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும், ஆட்டக்காரர் கேட்க வேண்டும், பயிற்சியாளர் கட்டுப்பட வேண்டும்.

தவிர்க்க முடியாதவர் என்று சொல்லித்தான் காயம்பட்டவரை இறக்குகிறார்கள். 1994 மே 18 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஏதென்ஸ் ஒலிம்பிக் அரங்கில் நடந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் வான் பாஸ்டன் நொந்த காலோடு ஆடிய அதே புல்தரை. ஒருபுறம் அவருடைய மிலான், மறுபுறம் க்ரைஃப் பயிற்றுவித்த பார்சலோனா. மிலான் 4-0 என்று வென்றது. வான் பாஸ்டன் ஆடவில்லை. அவர் இல்லாமலே கோப்பை வந்து சேர்ந்தது. கிளப்புக்கு மாற்று ஆள் எப்போதும் கிடைப்பார். அந்தக் கணுக்காலுக்குத்தான் மாற்று இருக்கவில்லை.