கிதார் தேயும் வரை

'விக்கிட் கேம்' பாட்டைக் கேட்டவர்கள் ஏராளம். அதைப் பாடிய கிறிஸ் ஐசக்கின் மற்ற ஆல்பங்களைச் சீண்டியவர்கள்தான் குறைவு. 1985இல் இவரது 'சில்வர்டோன்' ஆல்பம் வந்தபோது ஊரெல்லாம் சின்தசைசர். இவரோ எல்விஸ், ராய் ஆர்பிசன் காலத்து ராக்கை விடவில்லை.

இந்த இசையை ஃபிளாக் கோப்பில் கேட்க வேண்டும். எம்பி3, காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுச் சில ஒலிகளைக் கழித்துவிடும். ஃபிளாக்கோ எந்த ஒலியையும் கழிக்காமல் கோப்பின் அளவை மட்டும் சுருக்கும். பிரித்தால் சிடியில் இருந்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அப்படியே கிடைக்கும். ஐசக் பாட்டில் பாதி அழகு எதிரொலியில் இருக்கிறது. 1989இல் வந்த 'ஹார்ட் ஷேப்டு வேர்ல்டு' ஆல்பத்தில் ஜேம்ஸ் வில்சியின் கிதாரைக் கவனியுங்கள்: கம்பியை மீட்டி, அதிர்வுக் கைப்பிடியால் ஸ்வரத்தை மெல்ல வளைக்கிறார். அது தேய்ந்து மறையும் வால்பகுதி மட்டமான எம்பி3யில் கரகரக்கும். ஃபிளாக்கில் கடைசி இழை வரை தெளிவு. குரல் உச்சத்துக்கு ஏறும்முன் இழுக்கும் மூச்சும் கேட்கிறது. (320 கேபிபிஎஸ் எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். சும்மா பீற்றிக்கொள்ள வேண்டாம்.)

'பியாண்ட் தி சன்' (2011) எல்விஸ் முதலில் பாடிப் பதிந்த மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவிலேயே உருவானது. ஆனால் என் ஓட்டு 1995இன் 'ஃபாரெவர் புளூ'வுக்கு. ஒரு காதல் முறிவே ஆல்பம் முழுக்க. நல்ல ஹெட்போன் மாட்டி, பாட்டு வரிசையைக் கலைக்காமல் அதிலிருந்து தொடங்குங்கள்.