நத்தாரும் தூய்மைவாதிகளும்: விழா மறுப்பின் இலக்கியச் சான்றுகள் சில

மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றில், புரட்டஸ்தாந்த சமயம் மரபுவழித் திருநாட்களிற் பெரும்பாலானவற்றை வேலைநாட்களாக மாற்றியதன் மூலம் மூலதனத்தின் தோற்றத்திற் கணிசமான பங்கு வகித்தது என்ற கருத்தினைக் குறிப்பிட்டுச் செல்கிறார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் எம்போன்றோர்க்கு இவ்வடிக்குறிப்பு நெடுங்காலம் கைகொடுத்து வந்துள்ளது. கிறித்தவருள் ஒரு சாராரே கிறித்து பிறப்பு விழாவை ஏன் எதிர்த்தனர் என மாணவர் வினவும்போது, வளர்ந்துவந்த முதலாளித்துவத்துக்கு வேலைநாட்கள் வேண்டியிருந்தன என ஒரே வாக்கியத்தில் விடைகூறி அப்பாற் சென்றுள்ளோம். அவ்விடை பிழையன்று. ஆயினும் அவ்விழாவை மறுத்தும் காத்தும் எழுந்த நூல்களை ஊன்றி வாசிக்குமிடத்து, அது எத்துணை அவசரமான விடை என்பது புலனாகின்றது. அந்த அவசரத்தின் விளைவாக நாம் கவனியாது விட்ட சில குரல்களைப் பற்றியே இங்கு பேச விழைகின்றோம்.

முதற்கண் மறுப்பாளரின் சமய நியாயத்தை அதன் சொந்த நிலையில் வைத்து விளங்கிக்கொள்ளல் வேண்டும். கிறித்து பிறந்த நாளை விவிலியம் யாண்டும் கூறவில்லை. அதனைக் கொண்டாடுமாறு பணிக்கவுமில்லை. இறைவன் விதித்த நாள் வாரந்தோறும் வரும் ஓய்வுநாள் ஒன்றே. நாட்களையும் மாதங்களையும் அனுசரிப்பதைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திற் கண்டித்துள்ளார். எனவே டிசம்பர் 25 என்பது உரோமரின் சற்றேணாலியா விழாவிலிருந்து திருச்சபை எடுத்துக்கொண்ட புறச்சமய எச்சம் என்பது அவர்தம் வாதம். பிலிப் ஸ்ரப்ஸ் 1583இல் வெளியிட்ட நூலில் அக்காலத்துக் களியாட்டங்களைக் கடுமையாகச் சாடினார். வில்லியம் பிரின் 1630களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருநூல் நாடகத்தோடு நத்தாரையும் ஒரே குற்றக்கூண்டில் நிறுத்தியது. அந்நூலில் அரசியை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 1634இல் பிரின் தம் செவிகளை இழக்க நேர்ந்தமை அனைவரும் அறிந்ததே. ஆங்கிலத்தில் இவ்விழாவின் பெயரிலேயே பூசையைக் குறிக்கும் சொல் ஒட்டியிருப்பது தூய்மைவாதிகளுக்கு உறுத்தலாயிற்று. அவருட் சிலர் அச்சொல்லை நீக்கி வேறு பெயர் வழங்கினர். போர்த்துக்கேயர் வழி எமக்கு வந்துசேர்ந்த 'நத்தார்' என்ற சொல் பிறப்பை மட்டுமே குறிப்பதால், எமது நாட்டுப் புரட்டஸ்தாந்தருக்கு அத்தகைய சங்கடம் இல்லை என்பதை இடையே குறித்துக்கொள்ளலாம்.

இவ்வாதங்களை வெறும் முகமூடி எனத் தள்ளிவிடுதல் இயங்கியல் நோக்காகாது. திருச்சபைக்கும் முடிக்கும் எதிராக எளியோன் ஒருவன் நூலைத் திறந்து "இது எங்கே எழுதப்பட்டுள்ளது?" எனக் கேட்கும் உரிமை அவற்றுள் அடங்கியிருந்தது. அவ்வினா பின்னர் தசமபாகத்தையும் ஆயர்களையும் நோக்கித் திரும்பியமை தற்செயலன்று. மேலும், நாட்களின் புனிதத்தை முற்றாக மறுத்த குவேக்கர்கள் பெருமளவுக்குச் சிறுவுற்பத்தியாளரிடையேயும் எளிய மக்களிடையேயும் தோன்றியவர்கள். நத்தார் அன்று கடை திறந்து வைத்தமைக்காக அவர்கள் தொல்லைக்குள்ளாயினர். விழா மறுப்பை முழுவதும் பூர்ஷ்வாக்களின் கணக்கில் எழுதிவிடுவோர் இவர்களை எங்கே வைப்பார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டங்களின் வரலாறு சுருக்கமானது. 1644இல் நத்தார் மாதாந்த நோன்பு நாளோடு ஒருங்கே வந்தபோது, நோன்பையே அனுட்டிக்குமாறு பாராளுமன்றம் பணித்தது. 1645இல் நடைமுறைக்கு வந்த வழிபாட்டு நெறி நூல், விவிலிய ஆதாரமற்ற திருநாட்களைத் தொடரலாகாது என்றது. 1647 யூன் மாதக் கட்டளைச் சட்டம் நத்தாரையும் உயிர்த்த ஞாயிறு முதலியவற்றையும் முற்றாக நீக்கியது. எமது கவனத்துக்குரியது அதே சட்டத்தின் பிற்பகுதியாகும். தொழில் பயிலுநர், பணியாட்கள், மாணவர் ஆகியோருக்கு ஒவ்வொரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் பொழுதுபோக்கு நாளாக அங்கு வழங்கப்பட்டது. நத்தார் காலத்தின் பன்னிரு நாட்களுக்கு ஈடாக ஆண்டுக்குப் பன்னிரு செவ்வாய்க்கிழமைகள் என ஒருவர் கணக்கிட்டுக் காட்டலாம்! ஓய்வை மறுத்தார்கள் என்று கூறுவதற்கு இல்லை. ஆனால் அந்நாளைப் பயன்படுத்த எசமானின் அனுமதியை முன்கூட்டியே பெறல் வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. வழக்காற்றின் பலத்தால் எவரிடமும் கேளாது கிடைத்த நாள், கேட்டுப்பெறும் நாளாக மாறிற்று. கிறிஸ்தோபர் ஹில் 1964இல் வெளியிட்ட நூலில், ஒழுங்கற்று வரும் திருநாட்களைவிட வாரந்தோறும் ஒழுங்காக வரும் ஓய்வுநாளே புதிய உழைப்பு முறைக்கு இசைவானது எனத் தெளிவுற நிறுவியுள்ளார். இச்செவ்வாய்க்கிழமை அவரது கருத்துக்கு வலுவூட்டுவதோடு, முரண்பாடு நாட்களின் எண்ணிக்கையில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதையும், காலத்தின்மீது எவருக்கு உரிமை என்பதே அதன் மையம் என்பதையும் காட்டுகின்றது.

அதே ஆண்டு டிசம்பரில் கன்ரபரி நகரில் நத்தார் நாளன்று கடைகளைத் திறக்கச் செய்ய நகர முதல்வர் முயன்றபோது கலகம் மூண்டது. திறந்திருந்த கடைகளின் பொருட்கள் வீதியில் வீசப்பட்டன. தெருவிற் பந்து உருண்டது. வாயில்களில் முட்செடித் தழைகள் கட்டப்பட்டன. கலகக்காரரைத் தண்டிக்க முற்பட்டமை, அடுத்த ஆண்டு கென்ற் பிரதேசத்தில் மன்னர் சார்பான கிளர்ச்சிக்கே வழிவகுத்தது. இலண்டனிலும் தொழில் பயிலுநர் பொது நீர்த்தாரை ஒன்றைத் தழைகளால் அலங்கரித்தனர். அதனை அகற்ற நகர முதல்வர் நேரிற் செல்லவேண்டியதாயிற்று. இவர்கள் யாவரும் மன்னனின் மீது கொண்ட பற்றினாலேயே கிளர்ந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அவர்தம் குறைகளை எழுத்தில் வடித்தவர்கள் பெரும்பாலும் மன்னர் கட்சியார்.

இலக்கிய விமர்சகனுக்குரிய சிக்கல் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. 1646இல் அச்சாகிய 'தலைகீழாய்ப் புரண்ட உலகு' என்ற தெருப்பாடலை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் ஹில் இத்தலைப்பினையே தீவிரவாதக் குழுக்கள் பற்றிய தமது நூலுக்குச் (1972) சூட்டியமையால், இப்பாடலையும் புரட்சிகரமானது எனக் கருதுவோர் உளர். உண்மையில் அது மன்னர் மீண்டும் தம் உரிமை பெறுவதைப் பற்றிய மெட்டில் அமைந்தது. நேஸ்பிப் போரில் (1645) மன்னர் படை வீழ்ந்ததும் நத்தார் வீழ்ந்ததும் அதற்கு ஒரே நிகழ்ச்சி. புரண்ட உலகைக் கண்டு அது மகிழவில்லை, புலம்புகிறது. ஆனால் அப்புலம்பலுக்குள் வரும் காட்சிகள் யாவை? உணவு வேளையை எதிர்பார்த்து ஏங்கும் பணியாட்கள், திறவுகோலைத் தன் கையில் வைத்திருக்கும் வீட்டுத்தலைவி, வெறுமையான உணவறையை நோக்கும் முதிய சமையலாள். பிரபுக்களின் விருந்தோம்பல் மறைந்தமைக்கு இரங்கும் பாடல், அவ்விருந்தோம்பலின் எச்சத்தை நம்பி வாழ்ந்தவரின் பசியைத் தன்னையறியாமலே பதிவுசெய்துவிடுகிறது.

இதனிலும் குறிப்பிடத்தக்கது ஜோன் ரெயிலரின் 'நத்தாருக்கான நியாயம்' என்ற சிறு பிரசுரம். தேம்ஸ் நதியிற் படகோட்டியாய் வாழ்ந்த ரெயிலர், தம்மை 'நீர்க் கவிஞன்' என அழைத்துக்கொண்டவர். தீவிர மன்னர் பக்தர். 1652ஆம் ஆண்டளவில் வெளிவந்த இப்பிரசுரத்தில் நத்தார் ஒரு முதியவனாக உருவகிக்கப்பட்டு நாடெங்கும் அலைகிறான். நகரில் அவனுக்கு இடமில்லை. ஈற்றில் டெவன் பிரதேசத்து விவசாயி ஒருவர் வீட்டில் அடுப்பருகே இடம் கிடைக்கின்றது. அங்கு பண்ணையாட்களும் பணிப்பெண்களும் ஏர்ச் சிறுவரும் ஆடுகின்றனர். தான் வரும்வரை அந்தப் பாடுபடும் மக்களுக்கு விளையாட்டென்று எதுவும் இருக்கவில்லை என அம்முதியவன் கூறுகிறான்.

கட்சிப் பிரசாரத்துக்காக எழுதிய ஒருவரின் பேனாவில் இவ்வொப்புதல் எவ்வாறு புகுந்தது? ரெயிலர் படைக்க விரும்பியது இசைவான பழைய இங்கிலாந்து. அவர் படைத்ததோ ஆண்டு முழுவதும் ஓய்வின்றி உழைக்கும் ஆட்களைக் கொண்ட ஒரு பண்ணை. நத்தாரின் பெருமையைக் காட்ட வேண்டுமெனின் ஏனைய நாட்களின் வறட்சியையும் காட்டியாக வேண்டும்; காட்டியதும் 'இன்பமிகு இங்கிலாந்து' என்ற கற்பிதம் உடைந்துவிடுகிறது. படகோட்டியாக உழைத்தவரின் அனுபவம் அவர்தம் அரசியலை மீறி வெளிப்பட்ட இடம் இது என நாம் கருதுகின்றோம். அதே டெவனில் குருவாயிருந்து 1647இல் பதவி நீக்கப்பட்ட றொபேட் ஹெரிக்கின் கவிதைகளில் (1648) நத்தார்ச் சடங்குகள் எழிலுற அமைந்துள்ளன. அவ்வெழிலை நாம் மறுக்கவில்லை. ஆனால் ரெயிலரின் கரடுமுரடான உரைநடையில் இருந்து நாம் பெறும் செய்தி அங்கு இல்லை.

முற்போக்கு விமர்சகர் சிலர் இத்தகைய படைப்புக்களை 'மக்கள் விழாவின் குரல்' எனக் கொண்டாடுவதையும் நாம் ஏற்கவில்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னர் நத்தார்க் காலத்தில் நிலக்கிழார்கள் இலண்டனை விட்டுத் தத்தம் ஊர்களுக்குச் சென்று விருந்தோம்ப வேண்டும் எனப் பிரகடனங்கள் விடுத்தமை, இவ்விழா நிலமானிய ஒழுங்கைப் பேணும் கருவியாகவும் கருதப்பட்டது என்பதற்குச் சான்று. ஒரு நாள் விருந்து, முந்நூறு நாள் பணிவுக்கு விலையாயிற்று. ஆயினும் அந்த ஒரு நாளைத் தமதென்று உரிமை கோரியோரின் கோரிக்கை பொய்யாகிவிடாது.

மில்ற்றன் கிறித்து பிறப்பின் காலைப்பொழுதைப் பற்றிய தமது புகழ்பெற்ற கவிதையை 1629இல் இயற்றினார். அது அவரது கவிதைத் தொகுதியில் அச்சேறியபோது நத்தார் சட்டப்படி மறைந்துகொண்டிருந்தது. புரட்சியின் பக்கம் நின்ற கவிஞருக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றியிருக்கக் காரணமில்லை. அவரது கவிதையில் விருந்து இல்லை, பணியாள் இல்லை, அடுப்பில்லை. புறச்சமயத் தெய்வங்கள் தத்தம் கோயில்களை விட்டு ஓடுகின்றன. விழாவைக் கழித்துவிட்டு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்ட கவிதை அது. கலைச்சிறப்பில் ரெயிலரை அதன் அருகே வைத்துப் பேசவும் இயலாது. ஆனால் உழைப்பவரின் உடல் அதில் இடம்பெறவில்லை என்பதை மில்ற்றனைப் போற்றும் நாம் கூறாதுவிடல் தகாது.

அத்திலாந்திக்கின் மறுகரையில் இதே முரண்பாடு மன்னரோ ஆயரோ இல்லாத சூழலில் எழுந்தமையால் மிகத் தெளிவாகத் தெரிகின்றது. பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்போட் தமது வரலாற்றில் 1621ஆம் ஆண்டு நத்தார் பற்றி ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அன்று வேலைக்கு அழைத்தபோது, புதிதாக வந்தோருட் பலர் அந்நாளில் உழைப்பது தம் மனச்சாட்சிக்கு மாறானது என்றனர். ஆளுநர் அவர்களை விட்டுவிட்டு ஏனையோரை அழைத்துச் சென்றார். நண்பகலில் திரும்பியபோது அவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தனர். விளையாட்டுக் கருவிகளைப் பறித்துக்கொண்ட அவர், பிறர் உழைக்கும்போது அவர்கள் விளையாடுவது தமது மனச்சாட்சிக்கு மாறானது என்றார். பக்தியெனின் வீட்டினுள் இருந்து அனுட்டிக்கலாம் என்றார்.

பிராட்போட் இதனை நகைச்சுவையாகவே எழுதுகிறார். படிப்போரும் நகைப்பது வழக்கம். ஆனால் இரு மனச்சாட்சிகளும் ஒரே சொல்லை ஆள்வதையும், கருவிகளைப் பறிக்கும் வலு அவற்றுள் ஒன்றிடமே இருந்ததையும் நாம் கவனித்தல் வேண்டும். பக்தி வீட்டினுட் செல்லலாம், தெருவுக்கு வரலாகாது என்பது இங்கு விதியாகின்றது. பின்னாளில் அமெரிக்க நத்தார் தெருவிலிருந்து குடும்பத்தின் உள்ளறைக்கும் குழந்தைகளின் பரிசுக்கும் நகர்ந்த வரலாற்றை ஸ்ரீபன் நிசன்போம் 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்; பிராட்போட்டின் தீர்ப்பிலேயே அதன் முதற் சுவடு தென்படுகிறது எனலாம்.

அதற்குப் பின் அவ்வாறு செய்ய எவரும் முயலவில்லை என்று அக்கதையை முடிக்குமிடத்து, 'வெளிப்படையாகவேனும்' என ஒரு சொல்லையும் பிராட்போட் சேர்த்துவிடுகிறார். 38 ஆண்டுகளின் பின், 1659இல், அயலிலுள்ள மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் மன்றம், வேலையைத் தவிர்த்தோ விருந்துண்டோ நத்தாரை அனுட்டிப்போருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தது. அச்சட்டம் 1681வரை நீக்கப்படவில்லை.