துணைநிதியும் உடைமையும்: ‘லிம்போ’வை முன்வைத்துச் சில குறிப்புகள்

கலைப்படைப்பொன்றை மதிப்பிடும்போது அது எத்தகைய பொருளாதார நிலைமைகளில் உருவாயிற்று என்ற வினாவைத் தவிர்த்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கணினி விளையாட்டைப் பொறுத்தவரை அவ்வாறு தவிர்த்தல் இயலாது. கவிஞனுக்குத் தாளும் பேனாவும் போதும். விளையாட்டை ஆக்குவோரோ, அது விற்பனைக்கு வரும்வரை பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஊதியம் கொடுத்தாக வேண்டும்.

சிறிய நாடுகளில் உள்ளூர்ச் சந்தை இச்செலவை ஈடுசெய்வது அரிது. டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவற்றை உள்ளடக்கிய நோர்டிக் அமைச்சர் மன்றம் 2006இல் ஒரு விளையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியமைக்கு இந்நிலைமையும் ஒரு பின்னணி எனலாம். தம் பிரதேசச் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் தமது பண்பாட்டுச் சூழலிற் பிறந்த தரமான விளையாட்டுகள் கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. தொழில் வளர்ச்சியோடு பண்பாட்டையும் இணைத்துப் பேசிய திட்டம் என்ற வகையில் இது மனங்கொள்ளத்தக்கது.

அதன் நிதியுதவி பெற்றவற்றுள் ஒன்றே ‘லிம்போ’. ஆர்ண்ட் யென்சன், டீனோ பட்டி ஆகிய இருவரும் கோப்பன்ஹேகனில் நிறுவிய பிளேடெட் என்ற சிறு நிறுவனம் இதனை ஆக்கியது. முதல் மாதங்களில் அவர்களின் சொந்தப் பணம். டென்மார்க் அரசின் மானியங்களும் நோர்டிக் நிதியும் துணைநின்றன. பின்னர் தனியார் முதலீட்டாளர் வந்து சேர்ந்தனர். 2010 யூலையில் விளையாட்டு வெளிவந்தது.

காட்டில் விழித்தெழும் சிறுவன் ஒருவன் தன் சகோதரியைத் தேடிச் செல்கிறான். கறுப்பும் வெளுப்புமான நிழலுலகம், இராட்சதச் சிலந்தி, இரும்புப் பொறிகள். அவன் மீண்டும் மீண்டும் கோரமாக மடிகிறான். ஆடுபவர் அம்மரணங்களிலிருந்தே வழியைக் கற்கிறார். சிறுவர் நலன் பேசிய நிதி இத்தகைய இருண்ட படைப்புக்கும் இடமளித்தது. அதிகாரிகளின் குழுக்கள் பொதுவாக அறிவுரைக் கதைகளையே விரும்பும் என எண்ணியிருந்த எமக்கு இது வியப்பே.

ஆயினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். சிறுவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இம்மௌனத்தை ஆக்கியோரின் கலைநோக்காகக் கொள்வதில் எமக்குத் தடையில்லை. விளைவு வேறு: மொழிபெயர்ப்பின்றியே எந்நாட்டிலும் ஆடத்தக்கதாக அது அமைந்தது, டேனிய மொழி அதில் ஒலிக்கவில்லை. பிரதேசப் பண்பாட்டைக் காக்க எழுந்த நிதியின் புகழ்மிக்க பேறு பிரதேச மொழி எதுவுமற்றதாய் இருப்பதைத் திட்டத்தைப் போற்றுவோர் எண்ணிப்பார்த்தல் தகும்.

இதனினும் முக்கியமானது உடைமை. சுவீடனின் மொஜாங் நிறுவனத்தை 2014இல் மைக்ரோசொப்ட் 250 கோடி டொலருக்கு வாங்கியது. பின்லாந்தின் சூப்பர்செல்லின் பெரும்பங்கு 2016இல் சீனாவின் டென்சென்ட் தலைமையிலான கூட்டுக்குச் சென்றது. இவற்றை இத்திட்டத்தின் பிள்ளைகள் என்று நாம் கூறவில்லை. அப்பிரதேசத் தொழிலின் போக்கைக் காட்டவே குறிப்பிடுகின்றோம். தொடக்கத்துக்கு உதவும் கூட்டுறவு, வெற்றிக்குப் பின் நிறுவனம் யாருக்குரியது என்ற கேள்விக்கு விடையாகாது. 2015இல் நிறைவுற்ற நோர்டிக் திட்டத்தின் பெருங்குறை இதுவே என்பது எமது கருத்து.

பிளேடெட் அதற்குத் தானே விடை தேடிற்று. 2011 ஓகஸ்டில் நிறுவுநர் இருவரும் முதலீட்டாளரிடமிருந்து தம் நிறுவனத்தை மீள வாங்கினர். 2016இல் வந்த ‘இன்சைட்’ அதன் பின்னரே வெளியாயிற்று.