கப்பல் விளம்பரம் இருக்கும் பக்கம்

பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தலையங்கத்துக்குத்தான் போகிறார்கள். தூத்துக்குடி என்றால் 1908, 1908 என்றால் வ.உ.சி., வ.உ.சி. என்றால் பாரதியின் 'இந்தியா' என்று ஒரு தடம் விழுந்துவிட்டது. அந்தத் தடத்தில் போகிறவர்கள் விளம்பரப் பக்கம் வந்ததும் தொகுதியை மூடிவிடுகிறார்கள். துறைமுகத்தின் அன்றாடப் பிழைப்பு அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது, கப்பல் புறப்பாட்டு அறிவிப்புகளில்.

ஆரணியில் பட்டுப் புடவை பார்க்கத் தெரிந்தவர்கள் முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டு விலை பேசமாட்டார்கள். உடலைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள். கரையும் உடலும் சேருமிடத்தில் விரலை ஓட்டுவார்கள். பத்திரிகையில் தலையங்கம் முந்தானை, விளம்பரமும் சில்லறைச் செய்தியும் உடல். பழைய பத்திரிகை ரசிகரிடமும் அந்த விரல் வேண்டும்.

அந்தக் காலக் கப்பல் அறிவிப்புகளின் கட்டுக்கோப்பு அநேகமாக ஒன்றுதான். மேலே கம்பெனியின் பெயர், அடுத்துக் கப்பலின் பெயர். புறப்படும் ஊர், சேரும் ஊர், நடுவில் தொடும் ஊர்கள். இன்ன தேதியில் அல்லது அதையொட்டி என்று ஒரு நாள். வகுப்புவாரியாகக் கட்டணம். சரக்குக்கும் டிக்கெட்டுக்கும் யாரைப் பார்ப்பது என்று ஏஜெண்டின் பெயர். ஐந்தாறு வரிக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். அதே அறிவிப்பு வாரக்கணக்கில் அச்சு மாறாமல் வந்துகொண்டிருக்கும்; திடீரென்று ஒரு வாரம் கட்டணம் மட்டும் மாறியிருக்கும், அல்லது நடுவில் தொடும் ஊர் ஒன்று காணாமல் போயிருக்கும். ரசிகருக்கு விருந்து அந்த இடத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 'அதையொட்டி' என்பதன் கனத்தை, தூத்துக்குடிக் கரையிலிருந்து கடலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. ஆளும் மூட்டையும் படகேறித்தான் கப்பலுக்குப் போக வேண்டியிருந்தது. வாடைக்காலத்தில் அந்தச் சில மைல் கொழும்புப் பயணத்தைவிடப் பெரிதாகிவிடும்.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். இவை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்ற கதையும் பள்ளிக்கூட மேடைகளில் தவறாமல் ஒலிக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கட்டணம் எந்த மாதத்தில் எவ்வளவு இருந்தது, ஒரு பக்கம் குறைத்தபின் மறுபக்கம் எத்தனை நாளில் குறைத்தார்கள், அந்த நாட்களில் வாரம் எத்தனை முறை கப்பல் ஓடியது என்று கேட்பதில்லை. போட்டியின் சூடு அந்தக் கணக்கில் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளின் அறிவிப்புகளையும் தேதி வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு, மேடைப் பேச்சு தராத பதைப்பு வரும்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. அரசு ஆவணம்தான் ஆவணம், பத்திரிகை வெறும் சத்தம் என்பார்கள் அவர்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தின் அருமையை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் அங்கே இருக்கும் ஒரு தொடரை அவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். சுதேச மொழிப் பத்திரிகைகளைப் படித்து, வாரந்தோறும் ஆங்கிலச் சுருக்கம் தயாரிக்க அன்றைய அரசு மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ் என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். மூலப் பிரதிகள் அழிந்துபோன பத்திரிகைகள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்தச் சுருக்கம் மட்டுமே. அரசுக்கு எதிரான கருத்து, அதிகாரிகள்மேல் புகார், நகராட்சியின் அலட்சியம் இவையெல்லாம் அதில் ஏறின. கப்பல் அறிவிப்பை எந்த மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பெயர்த்தார்? அவருக்கு இட்ட வேலை அது அல்லவே. அந்தச் சுருக்கங்களை மட்டும் வைத்துத் தூத்துக்குடியின் வரலாற்றை எழுதினால் பேச்சும் கோபமும் கிடைக்கும். கப்பலும் பஞ்சும் முத்துக்குளிப்பும் கைநழுவிவிடும்.

1908 மார்ச்சை எடுத்துக்கொண்டாலே போதும். பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மார்ச் முதல் வாரத்தில் வென்றார்கள். 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். 13 அன்று திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சென்னைப் பத்திரிகைகளுக்குத் தந்தியில் வந்த இந்தச் செய்திகள் பக்கத்துக்குப் பக்கம் தேதி முந்திப் பிந்தி நிற்கும். நடந்த நாள் ஒன்று, தந்தி அடித்த நாள் ஒன்று, அச்சான நாள் ஒன்று. தமிழ்ப் பத்திரிகையானால் பிலவங்க வருஷம் மாசியா பங்குனியா என்றும் பார்த்தாக வேண்டும். தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றத் தெரியாமல் இந்தத் தொகுதிகளைத் தொடுகிறவர், பிலவங்கத்தையும் அடுத்து வரும் கீலகத்தையும் குழப்பி ஒரு வருடத்தையே தவறவிடுவார்.

இந்த நிதானத்தில் ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு ஈடாக இன்னொருவரைச் சொல்வது கடினம். வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து அவர் வெளியிட்டது 1984ல். அப்போது வயது 17. அங்கிருந்து தொடங்கி 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூலுக்கு 2024ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது வரை, நாற்பது ஆண்டுகள் ஒரே மனிதரின், ஒரே ஊரின் தடயத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சுவதேசி ஸ்டீம்' தனி நூல். அவருடைய அடிக்குறிப்புகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லும் வாசகர்கள் இருக்கிறார்கள். தடுக்கட்டும். நாளிதழின் பெயரும் தேதியும் சேர்ந்து நிற்கும் அந்தச் சின்ன எழுத்து வரிகளை முதலில் படித்துவிட்டுப் பிறகு மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள். புத்தகம் அவர்களுக்கு இரண்டு மடங்காகத் திறக்கும். காப்பி குடிக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் நுழைந்த கதையை எழுதும்போதும் பத்திரிகையின் மூலை முடுக்கை அவர் விட்டுவைக்கவில்லை. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையை ரசித்தவர்கள், அதே கண் துறைமுகத்தின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை வ.உ.சி. நூல்களில் பார்க்கலாம்.

சீனி. விசுவநாதனின் உழைப்பு இன்னொரு ஜாதி. பாரதியின் எழுத்துகளைக் காலவரிசைப்படுத்தி 23 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த வரி எந்தத் தேதியிட்ட இதழில் வந்தது என்பதை நிறுவுவதற்கே ஒரு வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். தேதியை இழந்து தொகுப்புகளில் மிதந்துகொண்டிருந்த கட்டுரைகள் அவர் கையில் தரை தொட்டன. சுதேசிக் கப்பலைப் பற்றிப் பாரதி எழுதியதை உணர்ச்சிக்காகப் படித்தவர்கள், அந்த வாரம் தூத்துக்குடியில் என்ன நடந்தது என்பதோடு சேர்த்துப் படிக்க முடிவது அதனால்தான்.

இனி தாளின் விஷயம். 1870களுக்குப் பிறகு பரவிய மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் அதிகம். பழுப்பேறி, ஓரம் பொரிந்து, மடித்த இடத்தில் உடைந்துவிடும். அதற்கு முந்திய கந்தல்கூழ்க் காகிதம் நீடித்து உழைக்கும். 1841ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகை காலத்துத் தாள், 1920களின் சென்னை நாளிதழைவிட நல்ல நிலையில் இருந்தால் வியப்பதற்கில்லை. பைண்டு செய்யும்போது உள்ஓரத்தை இறுக்கித் தைத்துவிட்டால், முதுகை ஒட்டிய பத்தியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். தொகுதியை அழுத்தி விரித்தால் தாள் கிழியும், விரிக்காவிட்டால் எழுத்து தெரியாது. இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்தை லேசாக வளைத்து, வெளிச்சம் உள்ளே விழும்படி சாய்த்துப் படிக்கத் தெரிந்த நூலக ஊழியர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை 1994ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் நூலகமாகி நுண்படமாக்கப்பட்டன. ஒரு பெயர்ப்பலகை ஓவியரின் ஆசை தமிழ் ஆய்வுக்கே அடித்தளமானது.

கணினியில் சொல்லைத் தட்டித் தேடுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். வசதிதான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய லை, னை, றா வடிவங்களில் எழுத்துணரி தடுக்கி விழுகிறது. அதைத் தாண்டினாலும் கப்பலைத் தேடுகிறவருக்கு ஸ்டீமர் என்று அச்சான அறிவிப்பு அகப்படாது. சுதேசிக் கம்பெனியின் கப்பலைக் காலியோ என்று தட்டினால் காலியா என்று அச்சானது தப்பிவிடும். சொல் அகப்பட்டாலும் அந்தத் துண்டு மட்டும் திரையில் வந்து நிற்கும். பக்கத்துப் பத்தியில் பஞ்சு விலை இருந்ததா, கீழே காலரா செய்தி இருந்ததா என்பது தெரியாமலே போய்விடும். காலரா ஊரில் இருந்த மாதத்தில் பயணிகள் ஏன் குறைந்தார்கள் என்று அப்புறம் தனியாக ஆராய்வார்கள்.

மேலே பட்டுக்குச் சொன்ன ஆரணிக்குக் கடல் இல்லை; கமண்டல நாகநதிதான். ஆனாலும் துறைமுகத்தின் கதை உள்நாட்டுப் பத்திரிகைகளிலும் ஓடுகிறது. பட்டுக்கு முன்பு ஆரணி மஸ்லினுக்குப் பெயர் பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் துணி கடல் கடந்து போனது. இரத்தினபுரி இரகசியம் எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாரை நாவலாசிரியராகவே ஊர் நினைவு வைத்திருக்கிறது. 1915ல் தொடங்கிய 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியர் என்பதற்காகவும் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். அந்தக் காலத் தமிழ் மாத இதழ்கள் பலவற்றில் உள்நாட்டுச் சந்தா ஒரு தொகை, இலங்கை, பர்மா, மலேயாவுக்கு வேறொரு தொகை என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியே கப்பல் போகும் வழியைச் சொல்லிவிடும். துப்பறியும் நாவல்களுக்காக அந்த இதழ்களைத் தேடுகிறவர்கள் சந்தா விவரத்தையும் விளம்பரங்களையும் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

நாகப்பட்டினத்துக்குச் சொந்தமாகவே பத்திரிகை இருந்தது. சிறுவயதில் மறைமலையடிகள் முருகவேள் என்ற பெயரில் எழுதிய 'நாகை நீலலோசனி' அது. அந்தத் துறைமுகத்தை முழுசாகப் பார்க்க, அக்கரைக்கும் போகவேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்த கப்பல்கள் அங்கே கப்பல் பத்தியில் பதிவாகியிருக்கின்றன. 1926லிருந்து 1973 வரை ஓடிய ரஜூலா, தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல். அதன் போக்குவரத்தை அக்கரைப் பத்திரிகையில் தொடர முடிகிற அளவுக்கு நம் கரையில் தொடர முடியாதிருப்பது ஒரு வருத்தம்.

வருத்தம் அதோடு நிற்பதில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். தொடக்க விழாப் படங்கள் எல்லா நாளிதழிலும் பெரிதுபெரிதாக வந்தன. அதற்குப் பின் எந்தெந்த நாள் ஓடியது, எந்த நாள் கடல் சரியில்லாமல் நின்றது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று தினம் ஒரு வரி போடும் பழக்கம் தமிழ் நாளிதழ்களில் அற்றுப்போய்விட்டது. நூறு வருடத்துக்கு முந்தைய துறைமுகத்தைவிட நேற்றைய துறைமுகத்தைத் தேடுவது கடினமாகிக்கொண்டு வருகிறது. மாவட்டப் பக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், நூலகத்தில் சேரும் சென்னைப் பதிப்பில் தூத்துக்குடிச் செய்தியே இருப்பதில்லை. ஊர் வரலாற்றுப் பத்திகளும் இளைத்துப் போயின. அவற்றில் ஆதாரமாக நாளிதழின் பெயர் இருக்கும், தேதி இருக்காது. தேதி இருந்தால் இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்ததாக இருக்கும்.

செய்யவேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. காலியோ தூத்துக்குடிக்கு வந்த 1907 மேயில் தொடங்கி, பாம்பன் பாலம் திறந்து கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியாகப் போகத் தொடங்கிய 1914 மார்ச் வரை, கப்பலுக்கு ஒரு வரி வீதம் எழுதவேண்டும். புறப்பாட்டை இங்கேயுள்ள பத்திரிகையில் எடுத்து, வந்து சேர்ந்ததைக் கொழும்புப் பத்திரிகையில் சரிபார்க்கவேண்டும். நுண்படக் கருவி முன் உட்காரப் பொறுமையுள்ள இரண்டு பேர், ஒருவர் சென்னையிலும் ஒருவர் கொழும்பிலும் இருந்தால் போதும்.